முந்திரிக்கொட்டைத் தாளம்

என் மனைவியின் காதுக்கு மெஷின் வந்த அன்று வீட்டில் அதிகம் பயந்தவன் நான்தான். அவளுக்குக் காது மந்தமாகிவிட்ட மாதங்களில் நான் ஒரு கெட்ட பழக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையில் இருக்கும்போது ஹாலில் உட்கார்ந்து தைரியமாக முணுமுணுப்பேன். ரசத்தில் உப்பு, அவள் அண்ணன் போனில் தரும் அறிவுரை, மாற்ற வேண்டாம் என்று சொல்லியும் மாற்றப்பட்ட திரைச்சீலை என்று எல்லாத் தலைப்பிலும் என் கருத்தைத் தடையின்றி வெளியிட்டு வந்தேன். அந்தச் சுதந்திரம் அன்றோடு பறிபோகப்போகிறது என்று நடுங்கினேன்.

வீண் நடுக்கம். மாட்டிய சில நாட்களிலேயே அவள் மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள்.

"இன்னாத்துக்குக் கழட்டின?" என்று கத்தினேன்.

"இது இன்னா மெஷினா, மார்க்கெட்டா? கொயாவத் தொறந்தா அருவி கொட்ற மாதிரி கீது. நீங்க பேப்பர் மடிக்கிறது தகரத்த மடிக்கிற மாதிரி கீது. எல்லாம் கேக்குது. நீங்க பேசறது மட்டும் புரியல."

"அதுல உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

"இன்னா?"

"ஒண்ணுமில்ல."

எங்கள் வீடு செங்கல்பட்டில், தண்டவாளத்துக்கு அதிகத் தூரமில்லாத தெருவில் இருக்கிறது. மின்சார ரயில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எங்கள் தெருக்காரர்கள் பேச்சை நிறுத்தி, ரயில் போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். மெஷின் மாட்டிய காதுக்குள் அந்த ஹாரன் என்ன செய்திருக்கும் என்று யோசித்தபோது, அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் டப்பா பீரோவை நோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மாவும் இருக்க முடியவில்லை.

காரணம், பாட்டு. அவள் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரலில் பாடுகிறவர்கள் வரிசை. எனக்கு அவளைத் தெரிவதற்கு முன்பிருந்தே அந்த வரிசையில் நிற்கிறவள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருதி விலகியது. அடுத்த வாரமும் விலகியது. யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் பாட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டவர்களிடம் "தொண்ட சரியில்ல" என்றாள். தொண்டைக்கு மிளகுப் பால் கொடுத்தவர்கள் உண்டு. காது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

மெஷின் கொடுத்த டாக்டர், காதுக்குத்தான் மெஷின் தர முடியும், கேட்கிற பழக்கத்தைப் பயிற்சியில்தான் பெற வேண்டும் என்று சொல்லி ஒரு பயிற்சியாளரிடம் அனுப்பினார். கிளம்புவதற்கு முன் என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்.

"அறுப்பின் பண்டிகையில பாட்டுல நிப்பேன். ஒயுங்கா பாட முடிஞ்சா இத மாட்டிக்கிறேன். முடியல, டப்பாவோட பீரோல வச்சிப் பூட்டிடுவேன். அப்பால ஆயுசுக்கும் நீங்க கத்தித்தான் பேசணும்."

அறுப்பின் பண்டிகை என்பது அவரவர் விளைத்ததையும் வளர்த்ததையும் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுகிற ஞாயிறு. அதற்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. ஆயுசுக்கும் கத்துவது என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் மனைவியிடம் சொல்கிற விஷயங்கள் தெருவுக்குத் தெரியக்கூடிய தரத்தில் இருப்பவை அல்ல.

பயிற்சியாளர் எங்கள் வயதில் பாதிகூட இல்லாத பெண். எம்பிராய்டரி போடும் வட்டச் சட்டத்தில் கறுப்புத் துணியை இறுக்கி மாட்டி, அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அம்மா இத்தனை நாளா காதால கேக்கல சார். உங்க வாயைப் பாத்துத்தான் புரிஞ்சிட்டிருந்தாங்க. அதை மறைச்சாத்தான் காது வேலை செய்யும்."

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. மீசையை அடர்த்தியாக வளர்த்த பிறகு வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு குறைந்துவிட்டது என்று வருந்தியிருக்கிறேன். மதிப்பு குறையவில்லை; உதடு தெரியவில்லை.

முதல் பயிற்சி எளிது. பயிற்சியாளர் மேஜைக்கு அடியில் விரலால் தட்டுவார். கேட்டால் அவள் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். போட்டாள். அடுத்து வேகமா மெதுவா என்று சொல்ல வேண்டும். சொன்னாள். அதற்கடுத்தது, தட்டுகிற கணக்கை முழுதாகக் கேட்டு, அதேபோல் திருப்பித் தட்டுவது. நடுவில் இடைவெளி விட்டுத் தட்டுவார், அந்த இடைவெளியையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

"வீட்ல தினமும் இதை யாராவது கூட இருந்து செய்யணும். சார் செய்வீங்கல்ல?"

செய்வேனா? இதுதானே என் பிழைப்பு. கல்பாக்கத்தில் வேலை என்றதும் உறவுக்காரர்கள் என்னை விஞ்ஞானி ஆக்கிவிடுவார்கள். நான் பார்ப்பது குளிரூட்டும் எந்திரங்களை. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. வாக்கிடாக்கியில் எந்த உத்தரவு வந்தாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். "ரெண்டாவது பம்ப்பை நிறுத்து." "ரெண்டாவது பம்ப்பை நிறுத்தறேன்." "சரி." தலை நரைக்கிற வரை இதைச் செய்திருக்கிறேன். இரண்டு தட்டைத் திருப்பித் தட்டுவதா கஷ்டம்? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பயிற்சியாளர் தட்டினார். நானும் தட்டினேன்.

"சார், நான் இன்னும் முடிக்கல."

மறுபடியும் தட்டினார். இந்த முறை கவனமாக இருந்தேன். அவர் கடைசித் தட்டுக்கு விரலைத் தூக்கும்போதே நான் முழுக் கணக்கையும் முடித்துவிட்டேன்.

"இப்பவும் முடிக்கல சார்."

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். வீட்டில் பல மாதமாகக் கேட்காத சிரிப்பு அது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"வூட்லயும் இப்டித்தாங்க மேடம்," என்றாள். "'கடைக்குப் போயி...'ன்னு நான் ஆரம்பிச்சா போதும், பைய எடுத்துகினு கெளம்பிடுவாரு. அங்கேர்ந்து போன் பண்ணி, இன்னா வாங்கணும்னு கேப்பாரு. போன்ல எனக்கா கேக்காது. கடைசீல கொத்தமல்லிய வாங்கிகினு வந்து நிப்பாரு."

உண்மைதான். அத்தனை வருஷம் உத்தரவுகளைத் திருப்பிச் சொன்னதில், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிற திமிர் எனக்கு வந்திருந்தது. நான் திருப்பிச் சொல்வது என் மனசுக்குள் ஏற்கெனவே இருந்ததைத்தான். எதிரில் இருப்பவர் சொன்னது அதனோடு ஒத்துப்போனால் அவருடைய அதிர்ஷ்டம்.

"இன்னொண்ணு சார், அந்த வாட்ச்."

என் மாமனார் கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரம். உலோகப் பட்டை தளர்ந்து, கையைத் தூக்கினால் சலங்கை மாதிரி ஆடும்.

"பயிற்சி நேரத்துல கழட்டிடுங்க. நீங்க தட்டறதுக்கு முன்னாடியே அது சலசலன்னு சொல்லிக் குடுத்துடுது."

வீட்டில் எங்கள் பள்ளிக்கூடம் காலையில் நாஸ்தாவுக்கு முன் தொடங்கியது. வட்டச் சட்டத்துக்குப் பதிலாக, சர்ச் கன்வென்ஷன் கூட்டத்தில் கொடுத்த காகித விசிறி. தாளத்துக்கு நான் தகிட, தகதிமி என்று சொல்லித் தட்ட, அவள் திருப்பித் தட்டுவாள். அவள் திருப்பியது சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன தட்டினேன் என்பது எனக்கே நினைவிருக்காது.

"சரியா?" என்பாள்.

"சரி."

"நான் வேணும்னு தப்பாத் தட்டினேன்."

பயம் வந்தால் என் தாளம் ஓட ஆரம்பிக்கும் என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தோம். மெதுவாகத்தான் தொடங்குவேன். அவள் தடுமாறுவது போலத் தெரிந்தால் உடனே கை தானாக வேகமெடுக்கும். "இன்னாத்துக்கு ஓடறீங்க? ரயிலா புடிக்கணும்?" என்பாள்.

ஆகவே வேலைக்குப் போகிற ஸ்டாஃப் பஸ்ஸிலும் பழகினேன். முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டி, இடைவெளியில் மூச்சைப் பிடித்து, மறுபடி தட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் தூங்குகிற நண்பன், திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கண்ணைத் திறந்தான்.

"இன்னா மச்சான், ஒடம்பு எதுனா பேஜாரா?"

"தாளம் போடறேன்டா."

"அது தாளமா? நீ டிரைவருக்குத்தான் சிக்னல் குடுக்கறன்னு நெனச்சேன். பாதி பஸ்ஸு எறங்க ரெடியாயிடுச்சி பாரு."

தாளத்துக்குப் பிறகு சுருதி. மொபைலில் ஒரு கீபோர்டு இறக்கி, இரண்டு சுரம் வாசிக்க வேண்டும். இரண்டாவது சுரம் மேலே போனால் அவள் கையை மேலே தூக்க வேண்டும், கீழே வந்தால் இறக்க வேண்டும். முதலில் தூரத்துச் சுரங்கள், பிறகு நெருங்கிய சுரங்கள். தூரமாக இருந்தவரை பிழையில்லை. நெருங்கியதும் அவள் முகம் சுருங்கியது. "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்றாள் சின்னக் குரலில். மறுநாளும் அதையே சொன்னாள். பீரோக் கதவு திறக்கும் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

அதற்கப்புறம் ஒரு அதிசயம். அவள் ஒன்றுவிடாமல் சரியாகச் சொல்லத் தொடங்கினாள். எத்தனை நெருங்கிய சுரமானாலும் சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை பயிற்சியாளரிடம் போனபோது, பரீட்சையில் முதலிடம் வந்தவளின் அப்பா மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அங்கே ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

பயிற்சியாளர் யோசித்தார். பிறகு என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"சார், மேல் சுரம் வாசிக்கும்போது உங்க புருவம் மேல போகுது."

விசிறி வாயை மறைத்தது. புருவத்தை யார் மறைப்பது? அவள் தோற்றுவிடக் கூடாது என்ற பதற்றத்தில் என் முகமே விடைத்தாளைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"தெரியாம இன்னா? நீங்க அவ்ளோ ஆசையாக் காட்டினீங்க. பாவம்னு பாத்துகினு இருந்தேன்."

அன்றிலிருந்து பயிற்சியின்போது நான் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று உத்தரவு. திருப்பிச் சொன்னேன். "முதுகுக்குப் பின்னால் உட்காருகிறேன்." இந்த முறை அவர் முடித்த பிறகுதான் சொன்னேன்.

அந்த வாரங்கள் நத்தை மாதிரி நகர்ந்தன. விடை காட்ட என் முகம் எதிரில் இல்லாததால் அவள் நிஜமாகக் கேட்க ஆரம்பித்தாள். நிறையத் தப்பு விட்டாள். தப்பானால் கையைக் காற்றில் அப்படியே நிறுத்திக்கொண்டு, "இன்னொரு வாட்டி" என்பாள். நான் பின்னால் உட்கார்ந்து அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலேயா கீழேயா என்று தெரியாமல் அந்தக் கை நிற்கும் அந்த நொடியில், பயம் தாங்காமல் என் கட்டைவிரல் அடுத்த சுரத்தை அமுக்கிவிடும். "இருங்க!" என்று முதுகு அதட்டும். இருக்கப் பழகினேன். கொஞ்சம்தான்.

அடுத்த பாடம், பல சத்தங்களுக்கு நடுவில் ஒன்றைப் பிரித்துக் கேட்பது. ஒரு ஞாயிறு சாயங்காலம் மாமல்லபுரம் போனோம். கடற்கரை சரிப்படவில்லை, மெஷினுக்குள் காற்று புகுந்து லாரி மாதிரி உறுமியது. திரும்பி, சிலை செதுக்கும் பட்டறைகள் இருக்கிற சாலையில் நடந்தோம். கல் அறுக்கும் மெஷின் ஒரு பக்கம், பஸ் ஹாரன் ஒரு பக்கம். ஒரு பட்டறை வாசலில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேரு தட்றாங்க."

வாசலில் ஒருவர்தான் பாதி யானை ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து உளி தட்டிக்கொண்டிருந்தார். மெஷினில்தான் கோளாறு, ஒன்றை இரண்டாகக் காட்டுகிறது, இனி எல்லாம் முடிந்தது என்று முடிவே கட்டிவிட்டேன்.

"ஒருத்தர்தான்மா கீறாரு."

"ரெண்டு. ஒண்ணு கணீர்னு மேல. ஒண்ணு கீய, தள்ளித் தள்ளி வருது."

உளிக்காரர் நிமிர்ந்தார். "உள்ள எங்க அண்ணாத்த பெரிய உளி போடறாரு சார். உனுக்குக் கேக்கலியா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார். "சாருக்குத்தான் காது டல்லா?"

அவள் மெஷினை முடிக்குள் சரியாக மறைத்துக்கொண்டு, "ஆமாங்க, ரொம்ப நாளா," என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். கதையை இங்கே முடித்திருந்தால் நன்றாயிருக்கும். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஒத்திகை இருந்தது.

பண்டிகைப் பாட்டில் ஒரு இடம் உண்டு. கீபோர்டு வாசித்து நிற்கும். ஒரு சின்ன மௌனம். பிறகு ஆல்ட்டோ வரிசை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். எப்போதும் அந்த இடத்தை முதலில் எடுத்துக் கொடுக்கிறவள் என் மனைவி. மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒத்திகையில் ஸ்பீக்கர் எதிரொலியில் கீபோர்டு எப்போது நின்றது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தாமதமாக எடுத்தாள். இரண்டாவது தடவை வாயை மட்டும் அசைத்தாள்.

"அந்த எடத்த இந்த வாட்டி வேற யாராவது எடுக்கட்டுமாம்மா?" என்று குழுவின் மாஸ்டர் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"இல்ல மாஸ்டர். நானே எடுக்கறேன்," என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். டப்பாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குள் என்ன ஓடியது என்று தெரியாது. என் தலைக்குள் ஒரு மகத்தான திட்டம் உதித்துவிட்டது. அவள் முன்னால் போய் நின்று, உதடு தெரிய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"நான் மொத பெஞ்சில உக்காருவேன். எண்ணிகினே இருப்பேன். சரியான எடத்துல கையத் தூக்குவேன். நீ என்னப் பாத்து எடு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எண்ணுவீங்க?"

"எண்ணுவேன்."

"பாக்கலாம்," என்றாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். வாக்கியம் முடிவதற்குள் புரிந்துகொள்கிறவன் அல்லவா.

பண்டிகையன்று கோயில் தூண்களில் கரும்பு கட்டியிருந்தார்கள். முன்னால் பூசணி, வாழைத்தார், நெல் மூட்டை, தட்டுத் தட்டாக முட்டை. கருங்குழியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் ஏலத்துக்குக் கொண்டுவந்த சேவலைக் காலைக் கட்டி, பாடகர் குழுவுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தது. நான் முதல் பெஞ்சில், சேவலுக்கு நேர் எதிரில். இரண்டு பேருமே கொஞ்சம் பதற்றத்தில் இருந்தோம்.

பாட்டு தொடங்கியது. தொடையில் விரலால் எண்ணத் தொடங்கினேன். முதல் சரணம் ஒழுங்காகப் போனது. கீபோர்டு இடை இசைக்கு வந்தது. தகதிமி, தகதிமி. அவள் என்னைப் பார்க்கிறாளா என்று நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்துச் சேவல் தலையை உயர்த்தி, கோயில் அதிரக் கூவியது.

எண்ணிக்கை போயிற்று. கீபோர்டு நின்றதா, நிற்கப்போகிறதா? தாமதமாகிவிட்டால்? பீரோ, டப்பா, ஆயுசுக்கும் கத்தல் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. கையைத் தூக்கிவிட்டேன்.

தூக்கியதுமே தெரிந்தது. கீபோர்டு இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் உயரத்தில் நின்றது. இறக்கினால் அது ஒரு சைகை ஆகிவிடுமோ என்று இறக்கவும் பயம். என் மனைவிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் என் கையைப் பார்த்து, அவசரமாக மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மூடிய கண்ணைத் திறக்காமல், பக்கத்து அம்மாளின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து அழுத்தினாள். அந்த மூச்சு அவளுக்குக் கேட்டிருக்கிறது. அம்மாள் வாயை மூடினார். கீபோர்டு முடிந்தது. மௌனம். எனக்கு அது ஒரு லெவல் கிராசிங் நேரம் அளவுக்கு நீண்டது. அந்த மௌனத்துக்கு உரிய அளவை அது எடுத்துக்கொள்ளும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு எடுத்தாள். கீழ்க்குரலில், அவசரமில்லாமல், விலகாமல். மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

நான் கையை இறக்கியது அதற்குப் பிறகுதான். ஆராதனை முடிந்து ஏலம் நடந்தபோது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அந்தச் சேவலை நான் வாங்கிவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு நடந்து வரும்போது, நல்லபடியாகப் பேச்சைத் தொடங்கலாம் என்று பார்த்தேன்.

"கரெக்டா எடுத்தியே."

"நீங்கதான் முன்னாடியே கையத் தூக்கிட்டீங்க."

"கண்ண மூடிகினு இருந்தியே! உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? வாட்சு சலசலன்னுச்சே. நீங்க தூக்கிட்டீங்கன்னா இன்னும் நேரம் கீதுன்னு அர்த்தம். நானு அத வச்சிதான் நின்னேன்."

என்னால் அவளுக்கு உதவி கிடைத்தது என்று இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன். அவள் பதிலை முழுதாகக் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகப் பீரோவைத் திறந்தாள். மெஷின் வந்த டப்பாவை எடுத்தாள். "அதான் நல்லாப் பாடினியே, இப்ப எதுக்கு..." என்று நான் பாதியில் ஆரம்பிக்க, "மொதல்ல கைய நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். மாமனார் போட்ட கடிகாரத்தைக் கழற்றி, காலி டப்பாவுக்குள் வைத்து மூடி, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஹாலில் உட்கார்ந்து, மாமனாரைப் பற்றி எனக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ முணுமுணுத்தேன்.

"அது எங்கப்பா ஆசையாப் போட்டதுங்க," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.